சிவப்புக் கிட்டாரும் செப்புத் தகடும்

2007இல் கல்யாணமாகிச் செம்மண்டலத்துக்கு வந்தபோது என் வீட்டுக்காரரோடு ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டாரும் அந்த வீட்டில் இருந்தது. கல்லூரி நாளில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியது. பகலில் அவர் எழுத்தர். விடுமுறையிலும் திருவிழாவிலும் முதுநகர் இன்னிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசிப்பார். கிட்டாரைப் பழைய போர்வையில் சுற்றி என் மடியில் வைத்துவிட்டுத்தான் பைக்கை எடுப்பார்.

எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. பல்லவி முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும். இவர் மேடையிலேயே குனிந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருப்பார். அதைவிட மோசம் அதன் இரைச்சல். மேடையில் சீரியல் லைட் எரிந்தால் இன்னும் ஜாஸ்தி. ஒரு கல்யாண வரவேற்பில் பெண்ணின் அப்பாவே வந்து, பக்கத்தில் எங்கே மாவு மிஷின் ஓடுகிறது என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. இவர் சிரித்தார்.

குழுத் தலைவர் சிரிக்கவில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாசி மகக் கச்சேரி வரவிருந்தது. அதிலும் இப்படி இரைந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று இவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆபீசில் யாரும் இவரை நிமிர்ந்து பார்த்ததில்லை, மேடையில்தான் பார்த்தார்கள். அது போய்விட்டால் இவர் உடைந்துபோவார் என்று எனக்குத் தெரியும்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன். அவனும் கிட்டார் பைத்தியம். லீவில் வரும்போது தன்னுடைய உயர்ந்த ரகக் கிட்டாரையே மாமாவுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றான். இவரோ போனை வாங்கி, ஒரு நல்ல பிக்கப்பும் கம்பி முறுக்கும் சாவிகளும் வாங்கி வந்தால் போதும் என்றார். பிக்கப் என்பது கம்பிகளுக்கு அடியில் இருந்து ஒலியைப் பிடிக்கும் காந்தச் சுருள். கிழிந்த சட்டைக்குப் பட்டில் பாக்கெட் தைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கத்தினேன்.

"கட்ட நல்ல கட்ட. உள்ளதான் கோளாறு" என்றார்.

எனக்கும் ஒரு வேலை வைத்தார். நான் தினமும் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய் வந்த டீச்சர். கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் யந்திரம் எழுதும் செப்புத் தகடு கிடைக்கும், மெல்லியதாகப் பார்த்து வாங்கி வா என்றார். கிட்டாரின் வயிற்றுக்குள் அதைப் பதித்து எர்த் கொடுத்தால் வெளி இரைச்சல் உள்ளே ஏறாதாம். கீழவீதிக் கடைக்காரர் எந்தச் சாமிக்கு யந்திரம் என்று கேட்டார். கிட்டாருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. வெறும் தகடு போதும் என்றேன். எழுதாத தகட்டை வீட்டில் வைத்தால் பலன் இல்லையே என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அது பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசை அரித்தது. வீட்டுக்கு வந்ததும் தகடு முழுக்க மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, விளக்கு முன்னால் வைத்துவிட்டேன்.

இவர் அதை வெட்டி உள்ளே பதித்துப் பற்றவைக்கப் போனால் மஞ்சள் மேல் ஈயம் ஒட்டவே இல்லை. திட்டுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்து பொறுமையாக உப்புத்தாளால் தேய்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பொட்ட மட்டும் வுட்டுட்டேன். நீ வெச்சதாச்சே." என் கோபம் போன இடம் தெரியவில்லை.

தம்பி வந்தான். கேட்டதையும் கொண்டுவந்தான், தன் கிட்டாரையும் கொண்டுவந்தான். இவர் புது பிக்கப்பையும் சாவிகளையும் சிவப்பில் பொருத்தி முடித்துவிட்டு, தம்பியுடையதை மடியில் வைத்தார். பொழுது சாயும்வரை கீழே வைக்கவில்லை.

"நெக்குல வெரலு வெண்ணெ மாதிரி போவுது மச்சான். என்னுத ஆயுசுக்கும் இழச்சாலும் இது வராது" என்றார். உள்ளதைச் சொல்லிவிடுவது இவர் குணம். மாசி மகத்துக்கு அதையே வாசிப்பதாக முடிவானது. சிவப்பும் எதற்கும் இருக்கட்டும் என்று போர்வைக்குள் கூடவே வந்தது.

கடற்கரையில் ஜெனரேட்டர் கரண்ட். மேடையைச் சுற்றிலும் சீரியல் லைட். தம்பியின் கிட்டாரைச் சொருகியதும் ஸ்பீக்கர் இரைந்தது பாருங்கள், பழைய மாவு மிஷின் தோற்றது. தலைவர் திரும்பி இவரை முறைத்தார். தம்பி முகத்தில் ஈயாடவில்லை. இவர் மட்டும் அவசரப்படாமல் போர்வையை அவிழ்த்தார். சிவப்பை மாட்டி, வால்யூமை முழுக்கத் திருப்பினார்.

அலைச் சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. தலைவர் முதல் பாட்டுக்குக் கையசைத்தார். அன்று கச்சேரி முடியும்வரை இவர் ஒரு தடவைகூடக் குனியவில்லை. மனுஷன் என்னமாய் வாசித்தார்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் எது உசத்தி என்று தம்பி கேட்டான். "ஒன்னுதுதான் ஒசத்தி. ஆனா அது அந்த ஊரு கரண்டுக்குச் செஞ்சது" என்றார் இவர். அங்கேயும் கொஞ்சம் இரையத்தான் செய்கிறது என்று தம்பி ஒப்புக்கொண்டான். தான் கொடுக்க வந்த கிட்டாரை மாமா வாங்கிக்கொள்ளமாட்டார் என்பது தெரிந்ததும் அதை அவர் முன்னால் வைத்தான்.

"அப்ப இதையும் தொறந்து தகடு போட்டுக் குடுங்க மாமா."

அவ்வளவு உயர்ந்த பொருளில் ஸ்க்ரூ டிரைவரை வைக்க இவர் தயங்கினார், தம்பி விடவில்லை. நான் மறுபடியும் கீழவீதிக்குப் போனேன். இந்தத் தடவை பற்றவைப்பு முடிந்த பிறகுதான் பொட்டு வைத்தேன். அதுவும் தம்பியே கேட்டதால்.

சிங்கப்பூர் போய்ச் சேர்ந்ததும் தம்பி போன் செய்தான். மாமாவிடம் கொடு என்றான். கிட்டாரைச் சொருகி, முழு வால்யூம் வைத்து, போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறானாம். இவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

"ஒண்ணும் கேக்கல மச்சான்" என்றார்.