உள்ளே ஆள் இருக்கும்போது ஸிப்பைத் திறக்கக் கூடாது

1. போன ஹலோவீன் நாள், பிற்பகல் 4.20. கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. நாங்கள் வாடகைக்குக் கொடுத்த இரண்டு டைனோசர் உடுப்புகளில் ஒன்று, போட்டிருந்தவரின் மேலேயே காற்றிறங்கிச் சரிந்துவிட்டது.
2. 4.25. இரண்டு மாற்றுப் பற்றரிப் பெட்டிகளுடன் நான் புறப்பட்டேன். அவசரத்தில் ஜாக்கெட்டைக் கதிரையிலேயே விட்டுவிட்டேன்.
3. 4.35. இரண்டு சிக்னல் தள்ளி, தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் பிளாசா. ஒரு டைனோசர் நின்றது. மற்றது, ஆட்கள் இருக்கும் பலகை வாங்கில் குழைந்துபோய்க் கிடந்தது.
4. 4.38. பழுது பற்றரியில் என்று கண்டுபிடித்தேன்.
5. 4.40. குழைந்துகிடந்த டைனோசர் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டது.
6. உள்ளே இருந்தது என் அம்மா.
7. 4.45. உடுப்பின் ஃபான் ஓடியது. அம்மா மறுபடி டைனோசராக எழும்பி, மற்ற டைனோசரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.
8. நான் ஸிப்பைத் திறக்கவில்லை.

எங்கள் வேர்க்ஷொப்பில் புதிதாகச் சேர்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எட்டாவது வரிதான் விதி. அது ஏன் விதியானது என்பதற்கு மற்ற ஏழும் வேண்டும்.

வேலை

கல்லூரியில் மூன்று வருடம் எலெக்ட்ரோமெக்கானிக்கல் டெக்னீஷியன் படிப்பு முடித்தேன். ஏழு வருடமாக ஸ்காபரோவில் ஒரு வாடகைக் கடையில் வேலை. கலியாணக் கதிரை, மேடை அலங்காரம், புகை மெஷின், பிள்ளைகள் குதித்து விளையாடும் காற்றுக் கோட்டை எல்லாம் வாடகைக்குப் போகும். இவற்றில் கரண்ட் ஓடும் எதுவும் என் மேசைக்கு வரும்.

ஒக்டோபரில், மாதக் கடைசி நாள் எல்லோரும் வேஷம் போடும் ஹலோவீனுக்கான உடுப்புகள். அதிகம் போவது காற்று நிரப்பும் வகை. எங்கள் முதலாளி நிமல் அண்ணை அதைக் 'காத்துச் சட்டை' என்பார். முதுகில் உள்ளங்கை அளவு ஃபான் ஒன்று வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளும். கையிலும் காலிலும் எலாஸ்டிக் இருப்பதால் காற்று தங்கும். இடுப்பில், உட்புறம், நாலு பற்றரி போட்ட பெட்டி. ஃபான் நின்றால் ஒரு நிமிடத்தில் டைனோசர் ஈரத்துணி மாதிரி ஆகிவிடும்.

முதல் வருடம் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஒரே கேள்வியைக் கேட்டது எனக்கு விளங்கவில்லை. "முகம் தெரியுமோ?" தெரியாது என்றால் உடனே எடுப்பார்கள், அளவு சரியா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள்.

நிமல் அண்ணைதான் விளக்கினார். "தங்கச்சி, உவை பார்ட்டிக்குப் போறவை இல்லை. பிளாசாவிலை கை கோத்து நடக்கப் போறவை."

அது உண்மை. எங்கள் பிளாசாவில் எந்த நேரமும் யாருடையவோ பெரியம்மா ஒருவர் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நிற்பார். ஒரு பெடியனோடு நின்று தேத்தண்ணி குடித்தால், பெட்டை வீடு போய்ச் சேர முன்னம் செய்தி போய்விடும். வருடத்தில் ஒரு நாள் மட்டும் இரண்டு கரடிகள் கைகோத்து நடக்கலாம். யாரும் யாருக்கும் போன் எடுக்க மாட்டார்கள்.

அதனால் போன ஒக்டோபரில் ஞானம் என்ற பெயரில் ஒருவர் போனில் இரண்டு டைனோசர் கேட்டபோது, குரலில் வயது தெரிந்தும் நான் மகனுக்கோ மருமகனுக்கோ என்றுதான் நினைத்தேன்.

"முகம் தெரியாதுதானே, பிள்ளை?"

"தெரியாது அங்கிள். கழுத்திலை ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல்தான். அதுவும் மூச்சுப் பட்டு மங்கிடும்."

"அப்ப நல்லது. ரெண்டும் எழுதுங்கோ."

பிளாசா

நின்ற டைனோசர் என்னைக் கண்டதும் குட்டைக் கையை ஆட்டியது.

"பிள்ளை, கடையிலையிருந்து வந்தனீங்களோ? இவவுக்குக் காத்து இறங்கிப்போட்டுது."

"எவ்வளவு நேரம் ஓடினது அங்கிள்?"

"அரை மணித்தியாலம் இருக்கும். வடைக் கடையடியிலை சத்தம் குறைஞ்சது. இஞ்சை வரேக்கை இவ வாங்கிலை இருந்திட்டா."

முதுகு ஃபானில் காதை வைத்தேன். மெல்ல முனகியது. மோட்டார் சரி, வோல்ட் போதவில்லை. இது என் பிழை. எல்லாப் பெட்டிகளையும் ஹீற்றர் போட்ட வேர்க்ஷொப்பில் வைத்துச் சோதித்திருந்தேன். வெளியே எட்டு டிகிரி, காற்று வேறு. குளிரில் மலிவான பற்றரி சீக்கிரம் படுத்துவிடும். படித்த விஷயம், யோசிக்கவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் அதுவரை எங்கள் வழக்கம், ஸிப்பை இறக்கிப் பெட்டியை மாற்றுவது. அரை நிமிட வேலை. குந்தியிருந்து கேட்டேன்.

"அன்ரி, மூச்சு விடக் கஷ்டமா இருக்கே? ஸிப்பைக் கொஞ்சம் இறக்கட்டோ?"

சரிந்துகிடந்த டைனோசர் தலை இரண்டு பக்கமும் வேகமாக ஆடியது.

"ஐயோ வேண்டாம்," என்றார் நின்றவர். "இஞ்சை தெரிஞ்ச ஆக்கள் கனக்க."

மரக்கறிப் பையுடன் போன ஒரு பெண் நின்றார். "என்ன பிள்ளை, டைனோசருக்குச் சுகமில்லையோ?"

"ஓம் அன்ரி. வடை ஒத்துக்கொள்ளேல்லை."

அவர் சிரித்துக்கொண்டு போகும்வரை காத்திருந்தேன். பிறகு புதிய பெட்டியை உடுப்பின் கை எலாஸ்டிக் வழியாக உள்ளே தள்ளப் பார்த்தேன். விரல்கள் விறைத்திருந்தன. பெட்டி கைநழுவிக் கீழே விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல், மெதுவாக:

"ஜாக்கெட் எங்கை?"

பெட்டியை எடுத்து மடியில் வைத்தேன்.

"எட்டு டிகிரிக்கை ஜாக்கெட் இல்லாமல் வந்து நிக்கிறாய். விறைக்காமல் என்ன செய்யும்?"

எனக்கு முப்பத்திரண்டு வயது. இந்தக் கேள்விக்கும் ஏறக்குறைய அதே வயது. நாங்கள் பார்க்டேலில் அடுக்குமாடி ஒன்றில் இருந்த காலத்தில், ஒரு ஹலோவீனுக்கு அம்மா என்னை இளவரசியாக்கினார். பழைய சேலைக் கரையில் பாவாடை, மட்டையில் வெட்டிய கிரீடம். எல்லாம் முடிந்த பிறகு அண்ணாவின் நீல வின்ரர் ஜாக்கெட்டை மேலே போட்டுக் கழுத்துவரை ஸிப்பை இழுத்துவிட்டார். இனிப்புக் கேட்டுப் போன வீடுகளில் கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் நீ என்ன வேஷம் என்று கேட்டார்கள். பின்னால் நின்ற அப்பாதான் ஒவ்வொரு வாசலிலும் பதில் சொன்னார்: "பிறின்சஸ். இன்சைட்." அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்தப் பதிலை அண்ணாவும் நானும் இன்றும் சொல்லிச் சிரிப்போம்.

எனவே குரல் யாருடையது என்பதில் சந்தேகமில்லை. என் கை தானாகவே ஸிப்புக்குப் போனது. இழுத்தேன் என்றே நினைக்கிறேன். ஸிப் அசையவில்லை. உள்ளேயிருந்து யாரோ அதை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அந்தப் பிடியில்தான் எனக்கு முழுவதும் விளங்கியது. அம்மாவுக்கு நான் யார் என்று தெரியும். நான் கண்டுபிடித்ததும் தெரியும். தெரிந்தும் பிடியை விடவில்லை. விட்டால் பத்தடியில் மரக்கறிக் கடை.

நான் கையை எடுத்தேன்.

"ஜாக்கெட் கடையிலை இருக்கு அன்ரி," என்றேன். "போனவுடனை போடுறன். இப்ப நான் சொல்லுறதைச் செய்யுங்கோ. இடுப்பிலை இடப்பக்கம் ஒரு பெட்டி இருக்கு. அதிலையிருந்து ஒரு கறுப்பு வயர் வருது. பிடிச்சாச்சோ?"

"ஓம்."

"வயரை இழுக்காதேங்கோ. பிளக்கைப் பிடிச்சுக் கழட்டுங்கோ. இப்ப கையாலை புதுப் பெட்டியைத் தாறன். அதிலை செருகுங்கோ. 'டிக்' எண்டு கேக்கும்."

இந்த முறை பெட்டி விழவில்லை. எலாஸ்டிக்கின் மறுபக்கம் ஒரு கை அதை வாங்கியது. சிறிது நேரம் துணிக்குள் தடவல். பிறகு 'டிக்'. ஃபான் பிடித்தது. வால் எழும்பியது, வயிறு எழும்பியது, கடைசியாகத் தலை.

"பாத்தீங்களோ," என்றார் ஞானம் அங்கிள் பெருமையாக, "நல்ல விஷயம் தெரிஞ்ச பிள்ளை." என்னிடம் திரும்பினார். "இவவின்ரை மகளும் எஞ்சினியர்."

அம்மா எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். நான் வாடகைக் கடையில் மோட்டார் பழுது பார்ப்பதை அவர் அங்கிளிடம் சொல்லியிருந்தால், அங்கிள் வேறு கடைக்குப் போன் எடுத்திருப்பார். இந்தக் கதையும் நடந்திராது.

இன்னொரு பெட்டியையும் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். சிக்னலில் நின்று பார்த்தபோது இரண்டு டைனோசர்களும் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்றன. எப்படிக் குடிக்கப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

திருப்பிக் கொடுத்தல்

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அண்ணா போன் எடுத்தான். அவன் காரில் அரை மணித்தியாலத் தூரத்தில், ஏஜாக்ஸில் இருக்கிறான். அரிசி மூட்டை கொடுக்க அம்மாவின் அபார்ட்மென்ட்டுக்குப் போயிருக்கிறான். பால்கனியில் ஒரு டைனோசர் காய்ந்துகொண்டிருந்தது.

"உது என்னெண்டு கேட்டன். தன்ரை எண்டா. ஏன் போட்டனீங்கள் எண்டு கேட்டன். ஒளிக்காமல் எல்லாத்தையும் சொன்னா. லோன்றியிலை வேலை செய்யிற ஆராம். நீ அறிஞ்சனியே?"

"நேற்றுத்தான்."

"எனக்குப் பொம்பிளை பாக்கிற நேரத்திலை அம்மாக்கு உது தேவையோ? சனம் கேட்டால் நான் என்ன சொல்லுறது? நான் சொல்லிப்போட்டன், ஒண்டில் அந்த ஆள், இல்லாட்டி நான்."

மத்தியானம் அம்மாவே வந்தார். இரண்டு பஸ் மாறி, பெரிய பையோடு. ஏழு வருடத்தில் அம்மா என் வேர்க்ஷொப்புக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டூலில் இருந்து மேசையைப் பார்த்தார்.

"இதே உன்ரை வேலை?"

"ஓம் அம்மா."

"நான் எல்லாருக்கும் எஞ்சினியர் எண்டு சொல்லிப்போட்டன்."

"தெரியும்."

"நேற்று நீ அந்தப் பிளக்கைச் சொல்லித் தந்தது நல்லா விளங்கிச்சுது," என்றார். என் வேலையைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை.

பிறகு கேட்காமலே சொன்னார். இருவருக்கும் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. அம்மா சமையலறையில், அவர் துணி துவைக்கும் லோன்றியில். ஐந்தரை மணி பஸ்ஸில் மூன்று வருடமாக ஒன்றாகப் போகிறார்கள். தங்கச்சிமாரைக் கட்டிக் கொடுத்து முடிக்க அவருக்கு வயது போய்விட்டது. "ஒரு நாள் எண்டாலும் பிளாசாவிலை ஒண்டா நடக்கவேணும் எண்டு ஆசைப்பட்டன். வேறை ஒண்டுமில்லை."

"அண்ணா கதைச்சவன்."

"ஓம். பொம்பிளை பாக்கிற நேரமாம். பாக்கத் தொடங்கி நாலு வருசம்." சிரித்தார். உடனே முகம் மாறியது. "அவன் வராமல் விட்டால் என்னாலை ஏலாது, பிள்ளை. நான் இதை விடுறன். வருசத்திலை ஒரு நாள் இந்தச் சட்டையோடை நடந்தால் போதும்."

நான் பையைத் திறந்தேன். உடுப்பு சோப் வாசனையோடு மடித்திருந்தது.

"கழுவினீங்களோ?"

"பின்னை? மற்றவை போடுற சாமான். ஃபானைக் கழட்டிப்போட்டுத்தான் மெஷினிலை போட்டனான்."

துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காற்றைத் தடுக்கும் உட்பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. ஃபானைப் பூட்டி ஓட்டிக் காட்டினேன். ஓடியது, உடுப்பு எழும்பவில்லை. காற்று துணி முழுவதாலும் போய்க்கொண்டிருந்தது.

"இது இனி ஊதாது அம்மா. பழுதுப் பட்டியலிலைதான் போடவேணும்."

"வேறை இருக்குத்தானே?"

"இருக்கு. ஆனால் உங்களுக்குத் தர மாட்டன்."

அம்மா என்னைப் பார்த்தார். "அப்ப நான் என்ன செய்யிறது?"

"சும்மா போங்கோ. உங்கடை முகத்தோடை. அண்ணாவோடை நான் கதைக்கிறன்."

 அம்மா எழும்பி, மேசையில் கிடந்த வயர் துண்டுகளைக் கூட்டி ஒரு பக்கம் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை நிமல் அண்ணை பழுதுப் பட்டியலைப் பார்த்தார். "ஆர் உதை மெஷினிலை போட்டது?"

"என்ரை அம்மா."

என்னைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், கையெழுத்து வைத்தார்.

விதிகள்

ஒன்று: பற்றரிப் பெட்டியைக் குளிரில் வைத்துச் சோதிக்கவும். நாங்கள் இப்போது சாப்பாட்டறைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பிறகு ஓட்டிப் பார்க்கிறோம். நிமல் அண்ணையின் குழம்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

இரண்டு: உடுப்பைக் கழுவ வேண்டாம் என்று பையில் தமிழிலும் எழுதி ஒட்டவும்.

மூன்று: உள்ளே ஆள் இருக்கும்போது ஸிப்பைத் திறக்கக் கூடாது. முதலில் கேட்கவும். வேண்டாம் என்றால் வெளியே நின்று வழி சொல்லவும். உள்ளே இருப்பவருக்குத் தன் கையால் பிளக்கை மாற்ற முடியும். நேரம் கொஞ்சம் கூடச் செல்லும், அவ்வளவுதான்.

அண்ணாவோடு நான் கதைத்தேன். ஒரு தடவையில் முடியவில்லை. அம்மாவும் ஞானம் அங்கிளும் முகத்தோடு பிளாசாவுக்குப் போன முதல் சனிக்கிழமை அவனுக்கு மூன்று போன் வந்தது. இரண்டு மாதம் அவன் அம்மா வீட்டுக்கு வரவில்லை. அம்மா அந்த இரண்டு மாதமும் அழுதார். சனிக்கிழமைகளில் போவதை மட்டும் நிறுத்தவில்லை.

இப்போது நிலைமை இதுதான். அம்மாவும் அங்கிளும் கலியாணப் பதிவு எழுதவில்லை. அதைப் பற்றி இருவரும் கதைக்கிறார்கள். அண்ணாவுக்கு இன்னும் பொம்பிளை பொருந்தவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவனே சொல்கிறான். அங்கிளை அவன் அங்கிள் என்று கூப்பிடுவதில்லை. 'அவர்' என்பான். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா வீட்டுக்குக் கொத்துரொட்டி வாங்கி வந்தான். நாலு பார்சல். அங்கிளோடு சேர்த்து நாங்கள் நாலு பேர் இருந்தோம்.