நாகரசம்பட்டிக் கடலைக்கொல்லையில் முருகன் இறக்கிவிட்ட விமானம்

முருகனை நம்பும் அன்பர்களே, நடுவானத்தில் விமானத்தின் இன்ஜின் நின்றுபோன பிறகும் நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து எட்டாவது வருஷம். விஜயதசமி. காலை ஒன்பது மணி இருக்கும். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாண்டித் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். கீழே நாகரசம்பட்டிப் பக்கத்து மாந்தோப்புகள். திடீரென்று இன்ஜின் இருமியது. ஒரு தடவை. இரண்டு தடவை. பிறகு சத்தமே இல்லை. இறக்கைக் கம்பிகளில் காற்று மட்டும் ஊளையிட்டது.

செத்தோம் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்க வரவில்லை.

என் பெயர் முனிரத்தினம். ஊர் ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பெங்களூரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு சங்கத்தில் விமானம் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அங்கிருந்த பயிற்சியாளர் ஒருவர் இரக்கப்பட்டு, வாயாலேயே பாடம் சொல்லிக்கொடுத்து என்னை விமானி ஆக்கினார். ஆனால் சுபாவம் மாறவில்லை. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவையும் இழுப்பேன். இப்படிப்பட்டவன் எப்படி விமானம் ஓட்டுகிறான் என்று கேட்பீர்கள். எனக்கே தெரியாது.

முந்தின நாள் ஆயுத பூஜை. கொட்டகையில் எங்கள் விமானத்துக்கும் பூஜை. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கையோடு, மேலே மூடி இல்லாமல், முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காருகிற சின்ன விமானம் அது. பொட்டு வைக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சக்கரம், காற்றாடி, கம்பி, திருகாணி எதையும் விடவில்லை. ஏதாவது ஒன்றை மறந்தால் நாளைக்கு அதுதான் காலை வாரிவிடும் என்று பயம். கடைசியில் ஏணி வைத்து ஏறி, மேல் இறக்கையின் நடுவில் இருக்கும் பெட்ரோல் தொட்டிக்கும் குழைத்த சந்தனத்தை அள்ளி அப்பினேன்.

கீழே நின்ற மெக்கானிக் பாஷா பாய் சிரித்தார். தேன்கனிக்கோட்டைக்காரர். எனக்கு அண்ணன் மாதிரி.

"எறங்குடா ரத்னா. கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்ளோ சந்தனம் பூச மாட்டாங்க."

"ஒண்ணு உட்டுப்போனாலும் மனசு கேக்காது பாய்."

"உன் மனசு என்னிக்கிடா கேட்டிருக்கு?"

மறுநாள் சேலத்தில் ஒரு பொருட்காட்சிக்கு அந்த விமானத்தைக் கொண்டுபோக வேண்டும். நான் ஓட்ட, பாய் கூட வருவதாக ஏற்பாடு. அவர் மனைவிக்கு அப்போது எட்டு மாதம். கிளம்பும்போது வாசலில் நின்று, "அவர பத்தரமா கூட்டியாந்து உட்ருங்கண்ணா" என்றார். அந்த வார்த்தை முதுகில் மூட்டை மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டது. புறப்படும் முன் எல்லாவற்றையும் மூன்று முறை சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது இன்ஜின் நின்றுவிட்டது. முன் இருக்கையில் இருந்த பாய், இரண்டு இருக்கைக்கும் நடுவே பேசுவதற்கு இருந்த குழாயில் கத்தினார்.

"பெட்ரோல் முக்கா தொட்டி நிக்குதுடா! ஏன் நின்னுச்சு?"

"தெரியலையே பாய்!"

"தெரியலன்னா எங்கயாச்சும் எறக்கு!"

எங்கே இறக்க? எந்தப் பக்கம் பார்த்தாலும் மாமரம். தூரத்தில் ஒரே ஒரு கொல்லை மட்டும் செம்மண்ணாக வெறுமையாகத் தெரிந்தது. மூக்கை அந்தப் பக்கம் திருப்பினேன். சறுக்கிக்கொண்டே போனோம். பாதி தூரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எட்டாது. கொல்லைக்கு முன்னால் மாமரங்கள் வரிசையாக நின்றன. அதை ஒட்டி ஒரு பெரிய கிணறு. மரத்தில் மோதுவோம், இல்லையென்றால் கிணற்றில் விழுவோம்.

முன்னால் பாய் தன் ஆண்டவனைக் கூப்பிடுவது குழாய் வழியாகக் கேட்டது. நானும் வாய்விட்டுக் கத்தினேன். "முருகா, பாய வூட்ல சேத்துரு. நான் எப்படிப் போனாலும் பரவால்ல!"

மரம் நெருங்கியது. ஒவ்வொரு இலையும் தெரிந்தது. "முரு..." என்றேன். மீதி வரவில்லை.

இன்ஜின் உறுமியது!

ஆமாம் அன்பர்களே, தானாக உறுமியது! மூக்கை மேலே இழுத்தேன். மரத்தின் உச்சிக்கிளை சக்கரத்தில் உரசியது. கிணறு காலுக்கடியில் கறுப்பாக வாய் திறந்து பின்னால் ஓடியது. கிணற்றைத் தாண்டியதும் இன்ஜின் மறுபடி நின்றது. மொத்தம் பத்து எண்ணுகிற நேரம்தான் ஓடியிருக்கும். அந்தப் பத்துதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. சக்கரம் மண்ணைத் தொட்டது, குதித்தது, உருண்டது, நின்றது. இரண்டு பேர் உடம்பிலும் ஒரு கீறல் இல்லை!

கொல்லைக்காரர் துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"யோவ், ஆகாசத்துல எடம் பத்தலன்னு எங்கொல்லைக்கு வந்தீங்களா?"

பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து அவர் குரல் இறங்கிவிட்டது. "நேத்து வரைக்கும் கடலக்கா புடுங்குனோம்யா. பொம்பளைங்களே இருவது பேரு இங்க குந்தியிருந்தாங்க. விஜயதசமின்னு இன்னிக்கு யாரும் வரல."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கேட்காத உதவியையும் முருகன் முன்னாடியே செய்து வைத்திருந்தான்.

ஊரே கூடிவிட்டது. விமானம் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் இருப்பதைப் பார்த்து ஒரு அம்மாள், "சாமி வண்டிங்களா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதைக் கேட்டதும் பாய்க்குப் பொறி தட்டியது. தாவி மேலே ஏறினார். தொட்டிக்குள் காற்றுப் போக விரற்கடை அளவில் ஒரு சின்னக் குழாய் உண்டு. அதன் வாயில் என் சந்தனம் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. உள்ளே காற்று போகவில்லை. அதனால் பெட்ரோல் கீழே இறங்கவில்லை.

அந்த அம்மாளிடம் ஒரு துடைப்பக் குச்சி வாங்கிக் குத்தினார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்துக்கொண்டது.

"பாத்தியாடா உன் பக்தியை?"

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். என் கையால் பாயைக் கொல்லப் பார்த்தேனே! அவர் இறங்கி வந்து என் தோளைத் தட்டினார். "அழுவாதடா. தப்பு செஞ்சது நீ. காப்பாத்தினது மேல இருக்கறவன். ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

சங்கத்தில் போய் உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கினேன். படித்த விமானி ஒருவர், இன்ஜின் நின்றிருந்தபோது எங்கோ இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்திருக்கும், கொஞ்சம் பெட்ரோல் இறங்கியிருக்கும், அவ்வளவுதான் என்றார். இருக்கலாம். நான் ஏழாம் வகுப்பு. ஆனால் அந்தக் கொஞ்சம் காற்று முன்கூட்டியும் வராமல், பிந்தியும் வராமல், சரியாக அந்த நொடிக்கு வந்ததே, அதற்கு என்ன கணக்கு?

பாய்க்கு அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. அதற்கப்புறம் இரண்டு தடவை எனக்கு ஆகாயத்தில் ஆபத்து வந்தது. ஒரு முறை எண்ணெய்க் குழாய் வெடித்து முகமெல்லாம் எண்ணெய். இன்னொரு முறை மேகத்துக்குள் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டேன். இரண்டு முறையும் பயந்தேன். ஆனால் பதறவில்லை. இப்போது விமானத்தைச் சரியாக ஒரு தடவை, கண்ணைத் திறந்து சோதிக்கிறேன். மீதியை அவனிடம் விட்டுவிடுகிறேன். வருஷத்துக்கு ஒரு முறை பழநி போய் முடி கொடுத்து வருகிறேன்.

என்னைப் போலக் கவலைப்பட்டே காலம் தள்ளுகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். எனக்குப் பதிகம் தெரியாது, மந்திரம் தெரியாது என்று தயங்காதீர்கள். எனக்கும் எதுவும் தெரியாது. அன்றைக்குக் கடைசியாகக் கூப்பிட்டபோது அவன் பெயரைக்கூட நான் முழுசாகச் சொல்லவில்லை. பாதியிலேயே வந்துவிட்டான். நீங்களும் கூப்பிட்டுப் பாருங்கள்.