விடியுமுன் வாசித்த பெயர்கள்

நான் ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறேன். இரவுப் பணி எனக்குப் பழகிப்போனது. கண்ணெதிரே உயிர் பிரிவதைப் பார்த்திருக்கிறேன். பிரிந்த பிறகு அந்த உடலைத் துடைத்து, துணி மாற்றி, கீழே அனுப்பிவிட்டு வந்து மைலோ குடித்திருக்கிறேன். இருட்டைக் கண்டு கதை கட்டுகிற ஆள் நான் இல்லை. அதனால் இதைத் தூக்கக் கலக்கம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்று அந்த மண்டபத்தில் நன்றாக விழித்திருந்தவள் நான் ஒருத்திதான்.

என் பெயர் விவியன். போன வருடம் என் தோழி நஜீமா ஒரு நாள் முழுக்கத் தொடர் வாசிப்பு என்று ஒன்றை ஏற்பாடு செய்தாள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஞாயிறு காலை ஆறு மணிவரை. எந்த நேரமும் யாராவது ஒருவர் சத்தமாகப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடம்கூடக் குரல் நிற்கக் கூடாது. மற்றவர்கள் கேட்கலாம், படுக்கலாம், சாப்பிடலாம்.

"நான் புத்தகத்தத் தொட்டே பல வருசமாச்சு. என்னைய விட்டுரு," என்றேன்.

"அதுக்குத்தான் கூப்பிடுறேன். வா லா. ராத்திரி முழிக்கிறதுக்கு உன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கா?"

போனேன்.

இடம், சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் மரங்களை எப்போதோ வெட்டிவிட்டார்கள். இப்போது சுற்றிலும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைதான். நடுவில் ஒரு சிறிய பொது மண்டபம். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, இரண்டு பக்கமும் ஜன்னல். சாவியை வைத்திருந்தவர் கஸ்பார் அங்கிள். எழுபது வயது இருக்கும். மனைவி ரோசம்மாவோடு, மண்டபத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடத் தூரத்தில் குடியிருந்தார். விளக்கு ஸ்விட்ச் எல்லாம் காட்டிவிட்டு, எங்கள் புத்தகப் பெட்டிகளைச் சிரிப்போடு பார்த்தார்.

"நான் ஆறாவதோட நின்னுட்டேன் மா. எனக்கும் சேத்துப் படிங்க."

பகல் நன்றாகவே போனது. நாங்கள் ஒன்பது பேர். என் முதல் முறை பத்து மணிக்கு வந்தது. முதலில் நாக்குத் தடுமாறியது. பிறகு சூடு பிடித்தது. என் குரலை நானே கேட்டு எத்தனை காலமாயிற்று என்று தோன்றியது. மருத்துவமனையில் நான் பேசுவதெல்லாம் "வலிக்குதா," "திரும்பிப் படுங்க" மட்டும்தான். இங்கே ஒரு கல்யாண வீட்டை, ஒரு ஊரை, ஒரு சண்டையை என் வாயால் உண்டாக்கிக்கொண்டிருந்தேன். பிரியாணிப் பொட்டலத்தோடு வந்த நஜீமாவின் தம்பி ஷாஹித்கூட, கடைக்குத் திரும்ப மறந்து அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டான்.

இரவு வந்தது. ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள்.

என் அடுத்த முறை விடியற்காலை நான்கு முதல் ஐந்து வரை. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட நேரம். மண்டபத்தின் நடுவில் ஒரு மேசை. அதன் மேல் ஒரு விளக்கு. மற்ற விளக்குகளை அணைத்திருந்தோம். சுவரோரம் பாயில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நஜீமா என் பக்கத்து நாற்காலியில், போர்வைக்குள். எனக்கு அடுத்துப் படிக்க வேண்டிய மார்கஸ், பள்ளி ஆசிரியர், எதிர்ச் சுவரோரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அதே கல்யாண வீட்டு நாவலை விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து இறங்கும் கட்டம்.

"சுப்பையா முதல் ஆளாக வந்து சேர்ந்தார்," என்று படித்தேன்.

"இருக்கேங்கய்யா."

பின்னாலிருந்து வந்தது. மெதுவாக. ஆண் குரல்.

நிறுத்தவில்லை. குரல் நிற்கக் கூடாதே. படித்தபடியே திரும்பிப் பார்த்தேன். பாயில் யாரோ புரண்டு படுத்தார்கள். கனவில் உளறல் என்று நினைத்துக்கொண்டேன். வார்டில் இதை எவ்வளவோ கேட்டிருக்கிறேன்.

அரைப் பக்கம் போனது.

"அவர் பின்னால் அஞ்சலை..."

"இருக்கேங்கய்யா."

இது பெண் குரல். இடப்பக்க ஜன்னலோரம். அங்கே பாய் கிடையாது. யாரும் படுத்திருக்கவில்லை.

யாரோ விளையாடுகிறார்கள் என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது. என்னை ஏன் 'ஐயா' என்கிறார்கள்?

மணி பார்த்தேன். 4.20.

அடுத்த பெயர் வந்தது. முனியாண்டி. வேண்டுமென்றே குரலைத் தாழ்த்தி, அவசரமாகப் படித்துத் தாண்டினேன்.

"இருக்கேங்கய்யா."

கதவுப் பக்கம். இருமலோடு.

அப்போதுதான் வாசம் வந்தது. புளித்த, மக்கிய வாசம். மூக்கை அறுக்கிற வாசம். ஒட்டுப்பால், அதாவது மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர்ப் பால்... சிறு வயதில் சித்தப்பா வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது, அதை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் அடிக்குமே, அதே நாற்றம். இந்த வட்டாரத்தில் இப்போது ஒரு ரப்பர் மரம்கூட இல்லை.

எழுத்துகள் ஆடின. புத்தகத்தை மூடிவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வாய் படித்துக்கொண்டே போனது.

சிமெண்டுத் தரையில் கால் மாற்றி நிற்கும் சத்தம். ஒருவர் இல்லை... பல பேர். வெறுங்கால்கள். வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இல்லாமல் அசைவதுபோல.

நான் நிமிரவில்லை.

"பாக்கியம் பெட்டியை இறக்கி வைத்து..."

"இருக்கேங்கய்யா."

என் காதோரம்.

நஜீமா.

அவள் கண் மூடித்தான் இருந்தது. உதடுகள் அசைந்து அடங்கின. ஆனால் அந்தக் குரல் அவளுடையது இல்லை. பல் போன கிழவியின் குரல்.

"நஜீமா!" தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னா?" சாதாரணமாகக் கண் விழித்தாள். "டைம் ஆச்சா?"

"நீ இப்ப என்ன சொன்ன?"

"நானா? தூங்கிட்டேன் லா. படி, படி... நிறுத்தாத."

மறு நொடியே தலை சாய்ந்துவிட்டாள்.

நான் நிறுத்தியதும் கால் சத்தமும் நின்றிருந்தது. அந்த அமைதி இருக்கிறதே... அதற்குப் படிப்பதே மேல் என்று தோன்றியது. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். யாரும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் பார்க்கிறார்கள்.

படித்தேன்.

பெண்ணின் மாமன் வந்து இறங்குகிறான். பெயர் காசி.

"காசி," என்றேன்.

பதில் இல்லை.

அடுத்த சொல்லுக்குப் போக முயன்றேன். நாக்கு நகரவில்லை. அந்தப் பெயரிலேயே நின்றது.

"காசி..."

இல்லை.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். தரையில் ஒரு வாளி 'ணங்' என்று வைக்கப்பட்டது.

மூன்றாவது முறையும் என் வாய் அந்தப் பெயரைச் சொன்னது. சத்தமாக. அதட்டலாக. நான் நோயாளிகளிடம்கூட அப்படிப் பேசியதில்லை.

நெடுநேரம் ஒன்றும் இல்லை.

பிறகு வெகு தூரத்தில், செம்பனைகளுக்கு அப்பால்...

"இருக்கேங்கய்யா."

கால்கள் மறுபடி அசைந்தன. இப்போது நிம்மதியாக.

அவர்கள் போகவில்லை. இன்னும் எதற்கோ காத்திருந்தார்கள்.

அவர்கள் போனால் போதும் என்று இருந்தது.

"சரி," என்றேன். "போங்க."

வாளிகள் மோதின. கால்கள் நகர்ந்தன. கதவு திறக்கவே இல்லை, ஆனால் சத்தம் மட்டும் வெளியே போனது. ஈரப் புல். இருமல். ஒரு பெண்ணின் சிரிப்பு.

ஜன்னலைப் பார்த்துவிட்டேன்.

மரங்களுக்கிடையே சின்னச் சின்ன வெளிச்சங்கள். நெற்றி உயரத்தில். வரிசையாக. போய்க்கொண்டே இருந்தன.

வரிசைக்கு வெகு பின்னால், தனியாக, வேகவேகமாக ஒரு உருவம்.

அதற்கு வெளிச்சம் இல்லை. ஆள் மட்டும்தான்.

மார்கஸை எழுப்பி மேசையில் உட்கார வைத்தபோது மணி ஐந்து. அவருக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. நான் நஜீமாவின் போர்வைக்குள் புகுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறு மணிக்கு எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். என்னைத் தவிர.

காலைப் பசியாறலோடு ஷாஹித் வரவில்லை. அவனுடைய போன்தான் வந்தது. நஜீமா கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"விவியன், மருந்துப் பையை எடு. கஸ்பார் அங்கிள்..."

ஷாஹித் வரும் வழியில் ஒரு பழைய ஈயச் சுரங்கக் குட்டை இருக்கிறது. ஆழம் யாருக்கும் தெரியாது. இன்னும் இருட்டு விலகாத நேரம்; மோட்டார் வெளிச்சத்தில் அதன் கரையோரம் ஒரு ஆள் தெரிந்திருக்கிறார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, இன்னும் உள்ளே நடந்துகொண்டு. ஷாஹித் குதித்துச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

நான் போனபோது அங்கிள் சாலையோரம் உட்கார்ந்திருந்தார். வெறுங்கால். உடம்பெல்லாம் நடுக்கம். நாடி பிடித்துப் பார்த்தேன். ஓடி வந்தவர்போல் அடித்துக்கொண்டிருந்தது. வலது கையில் ஒரு சமையல் கத்தி. விரல்களைப் பிரித்து எடுக்கவே சிரமப்பட்டேன்.

"எங்க அங்கிள் போனீங்க?"

"பேரு கூப்பிட்டாங்கல்ல மா. போவாம எப்படி?"

விடிந்த பிறகுதான் பார்த்தோம். அவர் வீட்டிலிருந்து குட்டைவரை, வழியில் இருந்த ஒவ்வொரு செம்பனையிலும் ஒரே உயரத்தில் ஒரு சாய்ந்த கோடு. ரப்பர்ப் பால் எடுக்க மரம் சீவுகிற மாதிரி. கோணல் இல்லாமல், சீராக. கடைசி மரம் தண்ணீரின் விளிம்பில் இருந்தது.

பிறகு மருத்துவமனையில் ரோசம்மா ஆன்ட்டி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"அந்த மண்டபம் இப்ப கட்டுனது மா. அந்தக் காலத்துல அதுதான் பெரட்டுக் களம். விடியறதுக்கு முந்தி பால்மரம் வெட்டுறவங்க எல்லாரும் நெத்தி வெளக்கு, வாளியோட வந்து நிக்கணும். தோட்டத்து ஆபீசு கிராணி பேரு வாசிப்பாரு. இருக்கேங்கய்யான்னு சொன்னாத்தான் அன்னிக்கி வேலை."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இவருக்குப் பத்தொம்பது வயசு. ஒரு நாளு கடும் காய்ச்சல். பெரட்டுக்குப் போவல. கிராணி மூணு வாட்டி பேரக் கூப்பிட்டுட்டு, மத்தவங்கள லோரில ஏத்தி அனுப்பிட்டாரு. அந்த லோரி குட்டைக்குள்ள போயிருச்சு. யாரும் வெளிய வரல." ஆன்ட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இத்தனை வருசத்துல இவரு ஒரு நாளும் அந்தக் குட்டைப் பக்கம் போனதில்ல மா."

இதோடு முடிந்திருந்தால், வயதானவர் தூக்கத்தில் நடந்தார், நான் பயந்துபோய் எதையோ கேட்டேன் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன்.

ஒரு வாரம் கழித்து மார்கஸ் கூப்பிட்டார். மேசை மேல் ஒரு போனை வைத்து எல்லாருடைய வாசிப்பையும் பதிவு செய்திருக்கிறார். யாருக்கும் சொல்லவில்லையாம்.

"விவியன், ஒங்க நாலு மணிப் பகுதிய நீங்களே கேளுங்க," என்றார். பதிவை என் போனுக்கு அனுப்பினார்.

கேட்டேன். பதில் குரல்கள் ஒன்றுகூட இல்லை. காலடி இல்லை. வாளி இல்லை. நஜீமா சொன்னதும் இல்லை. நான் மட்டும் படித்துக்கொண்டே போகிறேன். சுப்பையா. அஞ்சலை. முனியாண்டி. பாக்கியம்.

பிறகு நான் நிறுத்துகிறேன். என் குரல்தான். ஐயமே இல்லை.

"கஸ்பார்," என்கிறது.

காசி இல்லை. கஸ்பார். மூன்று முறை. மூன்றாவது முறை அதட்டலாக.

அந்த நாவலில் கஸ்பார் என்று யாருமே இல்லை. வரி வரியாகத் தேடிவிட்டேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், அந்தப் பதிவு முழுவதிலும் இருக்கும் ஒரே பதில். தூரத்திலிருந்து அல்ல. போனுக்கு மிகப் பக்கத்தில்.

"இருக்கேங்கய்யா."

இளவட்டக் குரல். அங்கிளின் கரகரப்பு அதில் இல்லை. வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். அப்படி இருக்கட்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். அதனால்தான் ரோசம்மா ஆன்ட்டியிடம் அதைப் போட்டுக் காட்டினேன்.

ஆன்ட்டி ஒரே ஒரு முறை கேட்டார். போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அவருதான் மா," என்றார். "கட்டிக்கிட்ட புதுசுல அவரு குரலு இப்படித்தான் இருக்கும்."