ஆறு மணி முதல் பத்து மணி வரை ஒரு கெர்னல்

டீசல் இஞ்சின் நிற்கும்போது ஒரு சத்தம் வரும். சட்டென்று நின்றுவிடாது. இரண்டு முறை இருமும், ஒரு முறை இழுக்கும், கடைசியில் தொண்டையைச் செருமுவது போல ஒன்று. போன மாதம் போர்டிக்சன் பாசார் மாலாம் இரவுச் சந்தையில், அப்பக் கடைக்குப் பின்னால் ஒரு ஜெனரேட்டர் அப்படி நின்றது. விளக்கு போனதும் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் "அடடா" என்றார்கள். என் வலது கை மட்டும் தானாக எழுந்து, இல்லாத ஒரு கீபோர்டில் மெஷினை நிறுத்தும் கட்டளையைத் தட்டியது. ஐம்பது வயதில் இப்படியொரு கை.

"என்னாக்கா, கொசுவா?" என்றாள் அப்பம் சுட்டவள்.

கொசுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தொண்ணூறுகள் பாதி தாண்டிய பிறகும் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு அரசாங்கக் கரண்டு வரவில்லை. தோட்டத்து ஜெனரேட்டர்தான். விடியற்காலை நாலிலிருந்து ஆறு, மாலை ஆறிலிருந்து பத்து. அதை ஓட்டியவர் என் அப்பா. பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லா விளக்கையும் ஒரு தரம் மங்கவைத்து எழுப்புவார். பாயை விரி, கொசுவலையை இறக்கு, மண்ணெண்ணெய் விளக்கைக் கிட்டே வை என்று அறுபது வீட்டுக்கும் சேர்த்து ஒரே சொல். பிறகு பத்து மணிக்கு இருமல், இழுப்பு, செருமல். இருட்டு.

நான் செனவாங்கில் ஒரு சிப் தொழிற்சாலையில் நான்கு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தேன். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே தட்டுத் தட்டாகச் சிப்புகள் வரும். அவற்றின் முதுகில் அச்சடித்திருக்கும் எழுத்தும் எண்ணும் சரியா என்று பார்க்க வேண்டும். கோணலா, மங்கலா, எண் தப்பா, எடுத்துப் போடு. உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒரு தரம் சூப்பர்வைசரிடம் கேட்டேன். "நீ முதுக மட்டும் பாருலா" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த 'மட்டும்' காதுக்குள் போன எறும்பாகக் குடைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிரம்பானுக்கு பஸ் ஏறி, ஒரு கம்ப்யூட்டர் கடையின் மாடியில் வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன்.

கடைக்காரர் மூன்று தலைமுறையாகச் சிரம்பானில் வியாபாரம் செய்த குடும்பம். தாத்தா கொடுக்கல் வாங்கல், அப்பா துணிக்கடை, இவர் கம்ப்யூட்டர். ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்ததும் மூலையில் கிடந்த பழைய 386 மெஷினைக் காலால் தொட்டுக் காட்டினார்.

"தங்கச்சி, பக்கத்துத் தெரு வக்கீல் ஆபீஸுல மூணு கம்ப்யூட்டர், ஒரே போன் லைன். இந்த டப்பா நடுவுல உக்காந்து லைன மூணுக்கும் பிரிச்சிக் குடுக்கணும். லினக்ஸ் ஏத்தியாச்சு. கெர்னல்தான் சரியா வரல. ஆரம்பிச்ச பையன் கோலாலம்பூருக்கு ஓடிட்டான், அவன் மெஷினையும் தூக்கிக்கிட்டு. சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள நீ ஓட வச்சிக் கொண்டாந்தா, அன்னிக்கே உனக்கு இங்க வேலை. இல்லன்னா ஈப்போவுலேருந்து ஒருத்தன் ரெடியா இருக்கான்."

கெர்னல் என்பது இயங்குதளத்தின் நடுக்கரு. தோட்டத்துக் கணக்கில் சொன்னால் மண்டோர். மேலேயிருந்து வரும் உத்தரவை வாங்கி, கீழே இருக்கும் ஆளிடம் வேலை வாங்குவது அதன் பாடு. எந்த ஆள், அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று மண்டோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓடிப்போன பையன் தன்னுடைய புது பெண்டியம் சிப்புக்கு ஏற்றபடி கெர்னலைக் கட்டி, பிளாப்பியில் விட்டுப் போயிருந்தான். அதைப் பழைய 386-இல் போட்டால் முதல் வரியிலேயே உறைந்துபோனது. தெரியாத பாஷையில் திட்டு வாங்கிய ஆள் மாதிரி நின்றது. அதனால் அந்த மெஷினிலேயே, அந்த மெஷினுக்கென்றே, மறுபடி கட்ட வேண்டும்.

போர்டிக்சனுக்குச் சாமான் இறக்கப் போன கடை வேன் மெஷினையும் திரையையும் எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. தையல் மெஷின் இருந்த மேசையில் வைத்தோம். அம்மா அதற்கு முன்னால் ஒரு குட்டி விபூதிக் கீற்றை இழுத்துவிட்டு, "டிவியா?" என்றாள்.

"இல்லம்மா."

"அப்ப எதுக்கு என் தையல் மெஷின எறக்குன?"

திங்கட்கிழமை ஆறு மணி. விளக்கு எரிந்ததும் மெஷினைப் போட்டேன். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப் போயிருந்ததால், ஒவ்வொரு முறை கரண்டு வரும்போதும் அது தன்னைப் பற்றிய எல்லாவற்றையும் மறந்திருக்கும். ஒரு நீலத் திரை வரும். மேல் வரியில் தேதி, நேரம். எனக்கு வேண்டியது அதற்குக் கீழே: ஹார்ட் டிஸ்க்கின் மூன்று எண்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டிய தாளைப் பார்த்து அவற்றை நிரப்பினால்தான் மேலே நகரும். நிரப்பினேன், நகர்ந்தேன்.

பிறகு கேள்விகள். கெர்னலை அமைப்பதென்றால் அந்தக் காலத்தில் அது ஒவ்வொன்றாகக் கேட்கும். எந்த வகைச் சிப்? 386. கணக்குப் போடும் துணைச் சிப் இருக்கிறதா, இல்லையென்றால் அந்த வேலையைக் கெர்னலே பார்க்க வேண்டுமா? பார்க்க வேண்டும். இந்த மாதிரி டிஸ்க் உண்டா, அந்த மாதிரி கார்டு உண்டா, ஒரு லைனைப் பலருக்குப் பிரிக்க வேண்டுமா? ஆம், இல்லை, ஆம். நூற்றுக்கும் மேல். ஒரு பதிலைத் தப்பாகத் தட்டிவிட்டால் பின்னால் போக வழியில்லை, முதலிலிருந்து வர வேண்டும். நான் இரண்டு தரம் முதலிலிருந்து வந்தேன்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கேட்டாள்: "இன்னுமா கேள்வி கேக்குது?"

"ஆமாம்மா."

"போன வருஷம் ஒன்ன பொண்ணு பாக்க வந்தானுங்களே, அவனுங்க மாதிரி. எல்லாத்தயும் கேட்டுட்டு அப்பறம் சொல்றோம்னு போயிரும், பாரு."

கேள்விகள் முடிய எட்டு மணியாகிவிட்டது. கட்டும்படி கட்டளை கொடுத்தேன். நூற்றுக்கணக்கான மூலக் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டு துண்டாகக் கட்டி, கடைசியில் எல்லாத் துண்டையும் ஒன்றாகக் கோர்க்க வேண்டும். அந்த மெஷினின் வேகத்துக்கு ஆறு மணி நேரம் ஆகும் என்று தெரியும். கோப்புகளின் பெயர்கள் திரையில் ஒவ்வொன்றாக ஏறின. பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்பா விளக்கை மங்கவைத்தார். அறுபது வீடும் பாயை விரித்தது. என் மெஷின் செத்தது.

"அந்த ஒரு சிமிட்டு மட்டும் வேணாம்ப்பா" என்றேன், அவர் திரும்பி வந்ததும்.

"ஒன் வீட்டுக்கு மட்டும் சிமிட்டாம இருக்க எனக்குத் தெரியாதுலா" என்றார், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

செவ்வாய்க்கிழமை ஒன்பதே முக்காலுக்கு முன்பே முறையாக நிறுத்தினேன். பாதிக்கு மேல் கட்டியாகிவிட்டது. விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை மாலை தட்டினேன். திரையில் முதலாவதாக வந்த பெயர், செவ்வாய்க்கிழமை முதலாவதாக வந்த அதே பெயர். இரண்டாவதும் அதே. பஸ்ஸில் தூங்கி, கண்ணைத் திறந்து, ஏறிய நிறுத்தத்திலேயே இருக்கக் கண்டவள் போல உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை ஒரே மூச்சில் கட்டினால்தான் கட்டுமோ? அப்படித்தான் முடிவு செய்தேன். ஒரே மூச்சு என்றால் ஆறு மணி நேரம். எங்களுக்கு இருந்ததோ நாலு.

அப்பா இஞ்சின் கொட்டகையிலிருந்து சாப்பிட வந்தார். எட்டு மணிக்கு ஒரு தரம் வந்து பத்து நிமிடத்தில் சாப்பிட்டுப் போவது அவர் வழக்கம்.

"அப்பா, இன்னிக்கி மட்டும் பன்னெண்டு வரைக்கும் ஓட்டுங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "காலையில ஆபீஸுக் கணக்கு பாக்குற பெரிய கிராணி டேங்கிக்குள்ள குச்சி விட்டு அளப்பாரு. ஒரு இஞ்சி கொறஞ்சா தொரைக்குப் போவும்."

"நான் டீசல் வாங்கி ஊத்துறேன்."

"மண்டோர் ஊட்டுச் சாவுக்கு அர மணி நேரம் கூட ஓட்டுனேன். வார்னிங் லெட்டர் குடுத்தாங்க. ரிட்டயர் ஆவ இன்னும் ரெண்டு வருஷம். வேலை போச்சின்னா இந்த வூடும் போச்சி. தெரியுமில்ல?"

தெரியும். தெரிந்துதான் சொன்னேன்: "லயத்துல எல்லாத்துக்கும் வெளக்கு போடுறீங்க. சொந்த மவளுக்கு மட்டும் இருட்டு. நான் சாவுற வரைக்கும் மைக்ரோஸ்கோப்புக்குள்ளயே கெடக்கேன், போங்க."

"ஏண்டி, வாய மூடுடி" என்றாள் அம்மா.

அப்பா தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு போனார். பத்து மணிக்கு, ஒரு நிமிடம் முன்னும் இல்லை பின்னும் இல்லை, விளக்கு போனது.

மறுநாள் வியாழக்கிழமை. தொழிற்சாலையில் என் மேசைக்கு வந்த ஒரு தட்டில் ஒரு வரிசைச் சிப்புகளின் எண் தப்பாக இருந்தது. எங்கள் சிப்புகளின் முதுகில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு எத்தனையாவது வாரம். இந்த வரிசையில் மட்டும் போன வருடத்து எண். அச்சு மெஷினை யாரோ மாற்ற மறந்திருக்கிறார்கள். நேற்றுப் பிறந்த சிப்புக்கு ஒரு வயது. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டே வந்தேன். ஏழாவதோ எட்டாவதோ எடுக்கும்போது கை நின்றுவிட்டது.

நீலத் திரையின் மேல் வரி.

செத்த பேட்டரி டிஸ்க்கை மட்டுமா மறக்கும்? தேதியையும்தானே. கரண்டு வரும் ஒவ்வொரு மாலையும் அந்த மெஷினுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று. விட்ட இடத்திலிருந்து தொடர அது ஒரே ஒரு சோதனைதான் செய்யும்: கட்டிய துண்டு, அதன் மூலக் கோப்பைவிடப் புதியதா? மூலக் கோப்புகளின் மேல் தொண்ணூறுகளின் தேதி. நான் கட்டிய துண்டுகளின் மேல் எண்பதாம் வருடம். கட்டியதெல்லாம் பழசு என்று நினைத்து, ஒவ்வொரு மாலையும் முதலிலிருந்து கட்டியிருக்கிறது. ஒரே மூச்சில் ஓடியிருந்தால் இந்தக் கோளாறு வெளியே தெரிந்திருக்காது. அதற்காக அப்பாவின் நாலு மணி நேரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. தேதியைப் பார்த்துச் சிப்பைக் கழிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள், வீட்டில் அந்த வரியை மூன்று மாலையும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

"என்னாலா, பேய் புடிச்சிருச்சா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி. தட்டை அவளிடம் தள்ளிவிட்டுக் கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன்.

அன்று மாலை முதல் வேலையாகத் தேதியை நிரப்பினேன். பிறகு டிஸ்க் எண்கள். பிறகு கட்டளை. எண்பதாம் வருடத்துத் துண்டுகள் எதற்கும் ஆகாது, எல்லாம் மறுபடி. ஒன்பதே முக்காலுக்கு முன் நிறுத்தினேன். அப்பா திரும்புவதற்குள் பாயை விரித்துப் படுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விடியற்காலை மூன்றரைக்கே எழுந்து மேசையில் உட்கார்ந்தேன். எனக்காக ஐந்து நிமிடம் முந்துவார் என்று ஒரு நப்பாசை. முந்தவில்லை. நாலு மணிக்கு விளக்கு வந்தது. தேதி, எண்கள், கட்டளை. மெஷின், கட்டி முடித்த துண்டுகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டு நடந்து, நேற்று நிறுத்திய பெயருக்கு அடுத்த பெயரில் போய் நின்றது. "ம்மா!" என்று கத்தினேன். அம்மா கரண்டியோடு ஓடி வந்து, திரையைப் பார்த்து, "என்னா, சரின்னுட்டானுங்களா?" என்றாள்.

வெள்ளி மாலை ஏழு மணிக்குள் கோர்த்து முடித்தது. புதுக் கெர்னலைப் போட்டு மெஷினை எழுப்பினேன். முதல் வரி தாண்டியது. 386 என்று தன் சிப்பின் பெயரைத் தானே எழுதிக் காட்டியது. துணைச் சிப் இல்லை, பரவாயில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றது. ஆனால் லைனைப் பிரிக்குமா என்று பார்க்க வீட்டில் போன் கிடையாது. அந்தக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னேனா என்பது சிரம்பானில்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை அப்பா தானாகவே மோட்டர் சைக்கிளை வெளியே எடுத்தார். அவர் பின்னால், சாக்கில் சுற்றிய மெஷினை மடியில் வைத்துக்கொண்டு சிரம்பான் வரை உட்கார்ந்து போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைத்தார்.

கடையில் மூன்று கம்ப்யூட்டர்களை மெஷினோடு இணைத்தார் கடைக்காரர். போன் லைனைப் பிடிக்கும் கீச்சுச் சத்தம் வந்தது, அடங்கியது. அவர் ஒன்றில் உட்கார்ந்தார், மற்ற இரண்டில் கடைப் பெண்கள். ஆளுக்கு ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தார்கள். படம் கால் வாசி, அரை வாசி என்று இறங்கியது, ஒன்றில் மட்டும். மற்ற இரண்டும் வெள்ளையாக இருந்தன. அப்பா வாசல் ஸ்டூலில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு இரண்டாவதிலும் இறங்கியது. கொஞ்சம் கழித்து மூன்றாவதிலும்.

"பேஷ்" என்றார் கடைக்காரர். "தங்கச்சி, வேன் நிக்கிது. இப்பவே வக்கீல் ஆபீஸுல மாட்டிட்டு வந்துருவோம். அண்ணே, ஒங்க பொண்ணு இன்னிக்கிலேருந்து நம்ம ஆளு."

"சரிங்க" என்று அப்பா எழுந்தார். ஆறு மணிக்கு இஞ்சினைப் போட அவர் திரும்ப வேண்டும். போகும்போது நின்று, "இங்க கரண்டு எத்தன மணி வரைக்கும்ங்க?" என்று கேட்டார்.

"டவுன்லாண்ணே. ராவும் பகலும் இருக்கும்."

"அப்ப நீங்கதான் நேரம் பாத்து அனுப்பணும். அவளா எந்திரிக்க மாட்டா."

கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் மோட்டர் வரை கூடப் போனேன். சாக்கை மடித்து சீட்டுக்கு அடியில் செருகினார். சாவியைப் போட்டார். புதன்கிழமை சொன்னதை எப்படி எடுத்துவைப்பது என்று தெரியாமல், "அப்பா, அன்னிக்கி நான்…" என்று இழுத்தேன்.

"அத வுடு" என்றார். "ஒங்கம்மா வாசல்லயே நிப்பா, மொத கேள்வி அதான் கேப்பா. ராத்திரி சோத்துக்கு வருவியா, மாட்டியா?"

"வருவேம்ப்பா. ஏழு மணி பஸ்ஸு. எனக்கும் எடுத்து வைக்கச் சொல்லுங்க."