திருப்புளியாரும் தொடக்கூடாத வண்டியும்

எங்கள் தெருவில் என் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. எல்லோருக்கும் அவர் திருப்புளி. வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு ‘சார்’ சேர்த்துக்கொள்வார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. வேலை நேரத்தில் லிஃப்டைத் திருகுவார். மிச்ச நேரத்தில் கண்ணில் படுகிற எல்லாவற்றையும் திருகுவார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போதே அவருடைய நாற்காலிக்கு அடியில் புகுந்து ஆணி முடுக்கிய மனிதர் அவர். நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாள் கடைக்கு வந்தவர், நான் டீ வாங்கி வருவதற்குள் ஒரு தட்டு ஃப்ரேம் முழுவதையும் முடுக்கிவிட்டார். சாயங்காலம் அதில் ஒன்றை வாங்கியவருக்குக் கண்ணாடியை மடக்க முடியவில்லை. விரித்த வாக்கிலேயே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இதில் அதிகம் மாட்டிக்கொண்டவர் அண்ணி. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு ஜாம் பாட்டிலைக்கூடத் தன் கையால் திறந்ததில்லை. திறக்கப் போனால் அடுத்த அறையிலிருந்து, “விடு, நான் பாத்துக்கறேன்” என்று அண்ணன் ஓடி வருவார். நல்ல மனசுதான். ஆனால் நல்ல மனசோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

இத்தனைக்கும் அண்ணி லேசுப்பட்ட ஆள் இல்லை. சின்ன ஆய்வகங்களில் எடுக்கிற ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளில் பெரிய ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிற வேலை. கொட்டுகிற மழை, மண்டையைப் பிளக்கிற வெயில், தோண்டிப் போட்ட ரோடு, எதற்கும் அசர மாட்டார். கூட வேலை செய்கிறவர்கள் ஏற்றிவிட்டதில், நாற்பதைத் தாண்டிய வயதில் மூன்று நாள் மோட்டார் சைக்கிள் ரேலிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். காடு, கல் ஆறு, மலை, மணல் என்று போகிற பாதை. முதலில் வருவது முக்கியமில்லை. குறித்த நேரத்துக்குள் எல்லை வரை போய்ச் சேர்ந்தாலே பெரிய பெயர். பாதிப் பேர் சேர்வதில்லை.

ஓட்டுகிறவருக்குத் துணையாக ஒரு வேன் போகலாம். வேன்காரர்கள் தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு போய் ஒவ்வொரு செக்பாயிண்டிலும் காத்திருக்க வேண்டும். சாப்பாடு கொடுக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம், காயத்துக்கு மருந்து போடலாம், வாய் வலிக்கிற வரை யோசனை சொல்லலாம். வண்டியை மட்டும் தொடக்கூடாது. சாயங்காலம் முகாமில்தான் மற்றவர்கள் அதில் கை வைக்கலாம். பாதையில் விரல் பட்டாலும் ஆட்டம் முடிந்தது. இப்படி ஒரு விதி இருக்கிற இடத்துக்கு என் அண்ணனை அழைத்துக்கொண்டு போனோம். எங்களுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம்.

முதல் வருஷம் இரண்டாம் நாள் மத்தியானம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அண்ணி வந்து நின்றார், ஹெல்மெட்டைக் கழற்றினார். அண்ணன் ஒரு கையால் தண்ணீரை நீட்டி, “குடி, நல்லா குடி” என்றார். அவருடைய இன்னொரு கை, அவரையே கேட்காமல், வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பிடித்து இரண்டு திருகு திருகியது. பக்கத்திலேயே மஞ்சள் சட்டை போட்ட நடுவர் நின்றுகொண்டிருந்தார். விசிலை ஊதினார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது அண்ணி வேனில் முன்னால் உட்காரவில்லை. பின்னால் வண்டியோடு வண்டியாக உட்கார்ந்து வந்தார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ரொம்ப தூரம் கழித்து என்னிடம் மெதுவாக, “கண்ணாடி நெஜமாவே லூசா இருந்துச்சுடா” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, கதவைத் திறந்து இறக்கிவிட்டிருப்பேன். கதவுப் பூட்டையும் அவர்தான் முடுக்கி வைத்திருந்தார், திறக்காது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னார். “எனக்கு மெடல், மாலை எதுவும் வேண்டாங்க. ஒரு காரியத்தை நானே ஆரம்பிச்சு, நானே முடிக்கணும். என் ஆயுசுக்கு ஒண்ணே ஒண்ணு. அடுத்த வருஷம் இன்னொரு தடவை போறேன். அதுலயும் இப்படி ஆச்சுன்னா, அப்புறம் நான் பேரே கொடுக்க மாட்டேன்.”

“அப்ப இவரை வீட்டுல விட்டுட்டுப் போலாம் அண்ணி” என்றேன் நான்.

“வேண்டாம். இவர் வரணும்” என்றார் அண்ணி. காரணம் சொல்லவில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் முழுக்க அண்ணனுக்குப் பயிற்சி நடந்தது. குக்கர் கைப்பிடியை வேண்டுமென்றே தளர்த்தி, அவர் தட்டுக்கு எதிரே வைத்துவிடுவார் அண்ணி. அதைத் தொடாமல் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும். முதல் வாரம் ஆள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவிட்டார். குளியலறைக் குழாய் சொட்டும், கதவு கிரீச்சென்னும், மின்விசிறி தலைக்கு மேலே ஆடும். வீடே கழன்று விழுகிற மாதிரி இருந்தது. நான் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

ரேலிக்குக் கிளம்பும்போது அண்ணன் தானாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். அடுப்பிலிருந்து சூடான பாத்திரம் எடுக்கிற தடித்த கையுறை, அதுவும் பூப்போட்டது. செக்பாயிண்டில் வேனை விட்டு இறங்கும்போதே இரண்டு கையிலும் அதை மாட்டிக்கொள்வார். அந்தக் கையோடு ஃபிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. மற்ற அணிக்காரர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள். மானம் போகிறதே என்று எனக்கு இருந்தது. போகட்டும், அண்ணி சேர்ந்தால் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணி வண்டியோடு புறப்பட்டுப் போனதும் கையுறை கழன்றுவிடும். அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது. அடுத்த அணியின் மடக்கு நாற்காலி, இன்னோர் அணியின் அடுப்பு, யாருடையதோ கேமரா ஸ்டாண்டு என்று தொடலாம் என்கிற எல்லாவற்றையும் தொட்டுத் தீர்த்தார். கடைசியில் அந்த மஞ்சள் சட்டைக்காரரே, போன வருஷம் விசில் ஊதிய அதே மனிதர், விரியாத குடையைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்.

இரண்டாம் நாள் கல் ஆற்றில் அண்ணி விழுந்தார். வலது கைக் கட்டை விரல் வீங்கிப் போயிருந்தது. சாயங்காலம் முகாமில் அவர் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில், அண்ணன் வண்டியை ஆசை தீரத் தடவி எல்லாவற்றையும் சரிபார்த்தார். கிளட்ச் கேபிள் நைந்திருந்தது. அதைக் கழற்றி, புதுசை மாட்டிப் பதம் பார்க்க முகாமில் நேரம் போதவில்லை. ஒருவேளை அறுந்தால் உதவட்டும் என்று, அதற்குப் பக்கத்திலேயே புதுக் கேபிள் ஒன்றை ஓட்டி, இரண்டு முனையையும் டேப் சுற்றி ஒளித்து வைத்தார். வெளியே ஒரு நூல்கூடத் தெரியாது. அத்தனை அழகு. அண்ணி வந்ததும், “ஸ்பேர் ஒண்ணு போட்டு வச்சிருக்கேன்” என்றார். எங்கே என்று அண்ணியும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கடைசி செக்பாயிண்ட். அதற்கப்புறம் ஒரு மணல் மேடு, அதைத் தாண்டினால் எல்லை. அண்ணி வந்து நின்றபோது டக்கென்று ஒரு சத்தம், வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிட்டது. கிளட்ச் பிடி தொளதொளவென்று தொங்கியது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். செக்பாயிண்டை மூட அரை மணிக்கும் குறைவாகத்தான் இருந்தது.

அண்ணி பதறவில்லை. கருவிப் பையை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மேல் முனையைத் தேடிக் கண்டுபிடித்து, வீங்கிய விரலால் டேப்பைப் பிய்த்தார். கீழ் முனை கிடைக்கவில்லை.

“எங்கங்க வச்சீங்க?”

“அதான், அந்த... இதுக்குப் பின்னாடி.”

“எதுக்குப் பின்னாடி?”

“அந்த வளைஞ்சு வருமே, அதுக்கு அடியில. அடியில இல்ல, உள்ள. உள்ளன்னா...”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. இந்த மனிதர் ஆயுசில் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுத்ததே இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கித் தானே செய்து பழக்கம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கையில்தான் இருந்தது, வாயில் ஒன்றுமில்லை. “சொல்லித் தொலையேன் அண்ணே!” என்று கத்தினேன். அவர் கண் கலங்கிவிட்டது. ஒரு அடி முன்னால் வைத்தார். நான் காலரை இறுக்கிப் பிடித்தேன். மஞ்சள் சட்டைக்காரர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

“வாயை மூடுங்க” என்றார் அண்ணி, தலையைத் தூக்காமல். “அந்தக் கண்றாவியைக் கழட்டிட்டு, கையில காட்டுங்க.”

அண்ணன் கையுறைகளைக் கழற்றி என் தோளில் போட்டார். அங்கேயே நின்று, காற்றில் வேலையை ஆரம்பித்தார். இல்லாத பெட்ரோல் டேங்கைத் தடவினார், இல்லாத குழாய்க்குள் இரண்டு விரலை விட்டு மேலே மடக்கினார். அண்ணியும் அப்படியே செய்தார். ஒன்றும் அகப்படவில்லை. “இந்தக் கையா, அந்தக் கையா?” என்றார் எரிச்சலோடு. எதிரும் புதிருமாக நின்றதில், இவருக்கு இடது அவருக்கு வலது.

அண்ணன் ஒரு நொடி யோசித்தார். பிறகு சட்டென்று திரும்பி, அண்ணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இப்போது இரண்டு பேருக்கும் ஒரே வலது. ஆனால் அண்ணி செய்வது சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. பார்க்காமல் செய்து காட்ட வேண்டும். திருப்புளிக்கு அதைவிடத் தண்டனை வேறு இல்லை. கழுத்து இரண்டு தடவை திரும்பப் பார்த்தது. “அங்கயே பாருங்க” என்று அண்ணி அதட்டியதும் நேராகிவிட்டது.

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு காற்றில் டேப்பைப் பிரித்தார், முனையை இழுத்தார், கொக்கியில் மாட்டினார். யாரோ ஒருவர் நடுவரிடம், “சார், இது உதவி இல்லையா?” என்று போட்டுக் கொடுக்கப் பார்த்தார். மஞ்சள் சட்டைக்காரர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். “வண்டியைத்தான் தொடக்கூடாது. காத்தைத் தொட்டா நான் என்ன பண்றது?” என்றார்.

அண்ணன் ஒரு நட்டைத் தளர்த்தி, மெதுவாக முடுக்கி, மறுபடி தளர்த்தி, பதம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால் வண்டி உறுமியது. அண்ணி எப்போதோ முடித்துவிட்டிருந்தார். கடைசி நாலைந்து வேலையை அவர் பார்த்துச் செய்யவே இல்லை, தானே கண்டுபிடித்துச் செய்தார். அது எனக்குத் தெரியும், நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேனே. அண்ணன் திரும்புவதற்குள் அண்ணி மணல் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். இவர் இரண்டு கையையும் தூக்கியபடியே நின்றார்.

“ஒழுங்கா மாட்டிட்டாளாடா?” என்று என்னைக் கேட்டார்.

“போகுதில்ல, பாரு” என்றேன்.

நாங்கள் வேனை விரட்டிக்கொண்டு எல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணி கோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். தலை முதல் கால் வரை மண், பல் மட்டும் தெரிந்தது. நேரம் முடியக் கொஞ்சம்தான் மிச்சம். நான் குதித்தேன், வெட்கமில்லாமல் அழவும் செய்தேன். அண்ணன் ஓடிப் போய், அங்கே குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கமே சடன் பிரேக் போட்ட மாதிரி நின்றார். பரிசோதனை முடிகிற வரை இங்கேயும் வண்டியைத் தொடக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள்.

அண்ணி இறங்கித் தள்ளாடி நின்றார். அண்ணன் கை நீண்டது, பாதியில் நின்றது. பக்கத்தில் நின்ற மஞ்சள் சட்டைக்காரரிடம் திரும்பி, “சார், இவளைத் தொடலாமா?” என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

“அதை அவங்களைத்தான் கேக்கணும்” என்றார் அவர்.

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் கேட்டுக்கொண்டு அவர் எதையும் எடுத்ததில்லை. அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வீங்கிய கையைத் தானே கயிற்றுக்கு மேலே நீட்டினார். “வலிக்குதுங்க, பிடிங்க” என்றார்.

அண்ணன் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். முடுக்க அதில் ஒன்றும் இல்லை, தளர்த்தவும் ஒன்றும் இல்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்.