கொசுவுக்குச் சோறூட்டுகிறவள்

"தின்னுங்க. நல்லா தின்னுட்டு, றெக்க மொளச்சதும் வந்து என்னையே கடிங்க" என்று திட்டிக்கொண்டேதான் அவள் தீனித் தூளைத் தூவுகிறாள். தட்டுத் தண்ணீரில் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. தூள் ஒரு சிட்டிகை கூடினால் தண்ணீர் கலங்கி நாறிப்போகும்; குறைந்தால் புழு வளராமல் அப்படியே நின்றுவிடும். விரல் நுனியில் அளந்து போடுகிற அந்தக் கையில் அத்தனை பதம். வாயில் அத்தனை காரம். ஊரே மட்டையும் கையுமாகக் கொசுவை அடித்துக்கொண்டிருக்க, பெரிய படிப்பு முடித்து அதற்கும் மேலே படிக்க வந்த பெண், கொசுவுக்கு ஆயா வேலை பார்க்கிறாள்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் 'குக்கர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான். நேரே சொல்லிவிட்டு யார் பிழைப்பது? கதவை முழங்கையால் இடித்துத் திறப்பாள். நாற்காலியை இழுத்தால் கீழ்மாடிக்காரர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். மின்தூக்கி வரத் தாமதமானால் அதன் பொத்தானோடு சண்டை. கோபம் வந்தால் கூந்தலை அவிழ்த்து உதறி மறுபடி இறுக்கிக் கட்டுவாள். கட்டின இறுக்கத்தைப் பார்த்தே அன்றைக்கு எத்தனை விசில் வரும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

இவ்வளவு கோபமும் அவள் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்ததில்லை. இங்கே வந்த பிறகு சேர்ந்தது. அவள் வீட்டில் ஒருவர் சாப்பிட எழுந்தால் மற்ற எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தட்டை எடுப்பார்கள். சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலும், "உன்னத்தான், வா" என்று ஒரு குரல் வந்துவிடும். இங்கே சாயங்காலம் ஆனால் ஒருவர்பின் ஒருவராக எழுந்து தேநீருக்குப் போனார்கள். வந்த புதிதில் அவள் நோட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்து, காதை மட்டும் அவர்கள் பக்கம் வைத்துக் காத்திருந்தாள். ஒரு குரலும் வரவில்லை. சிரிப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

"ஒரு வார்த்தை 'வா'ன்னு சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" என்று அக்காவிடம் தொலைபேசியில் பொரிந்தாள்.

"நீயா எந்திரிச்சுப் போக வேண்டியதுதானேடி?" என்றாள் அக்கா.

"கூப்புடாத எடத்துக்கு நான் ஏன் போகணும்?"

அக்காவுக்கு நிறைமாதம். "எனக்கு வலி வந்தா நீ வந்து நிக்கணும். அம்மா இருந்திருந்தா உன்னக் கூப்புட மாட்டேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டு அழுதாள். வருகிறேன் என்று இவள் சத்தியம் செய்து கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் தட்டுகளின் நினைப்பு வந்தது. புழு முற்றினால் கொக்கிபோல வளைந்து கூட்டுப்புழு ஆகும். அவற்றைத் தினமும் சொட்டுக்குழாயால் உறிஞ்சியெடுத்து வலைக் கூண்டுக்குள் விட வேண்டும். ஒருநாள் விட்டால் தட்டிலேயே கொசுவாகி அறை முழுக்கப் பறந்துவிடும். அவள் போனால் யார் எடுப்பார்கள்? பேராசிரியையிடம் கேட்டதற்கு, "கூட இருக்கறவங்கள பாத்துக்கச் சொல்லிட்டுப் போம்மா" என்று கண்ணாடியைத் துடைத்தபடி சொல்லிவிட்டார். கூட இருக்கிறவர்களாம்!

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. அவளுடைய புழுக்கள் முதல்முறையாக முற்றத் தொடங்கின சமயம், ஒரு காலையில் வந்து பார்த்தால் அவள் தட்டிலிருந்த கூட்டுப்புழுக்களை யாரோ எடுத்துக் கூண்டுக்குள் விட்டிருந்தார்கள். மறுநாளும் அப்படியே. அவள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் தாழ்ந்துவிட்டதாக ஆகிவிடுமாம்! தன் வேலையில் யாரோ கைவைத்துக் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்று அவளே முடிவு கட்டினாள். மறுநாளிலிருந்து எல்லோருக்கும் முன்னால் வந்து, தன் தட்டை மட்டும் முடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காவல் உட்கார்ந்தாள்.

அந்த வாரம் அறையில் கொசு பறந்தது. அவளுடையது இல்லை, மற்றவர்கள் தட்டுகளில் கொசுவானவை. ஆளாளுக்குக் கழுத்தில் அறைந்துகொண்டார்கள். அறைந்த கையோடு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். என்னவோ அவள் வீடு புகுந்து திருடிவிட்டதுபோல. அவள் கூந்தலை அவிழ்த்து, உதறி, கண்ணோரம் இழுபடும்படி கட்டினாள்.

அக்காவின் கணவர் அழைத்தபோது அவள் தட்டுகளுக்கு முன்னால்தான் நின்றிருந்தாள். "நாள் முந்திடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். நீ வந்தாத்தான் உள்ள போவேன்னு அடம் புடிக்கிறா." அவள் போனை வைத்தாள். சுற்றி ஐந்தாறு பேர் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிள்ளைபோலப் பார்த்துப் பார்த்து வளர்த்த தட்டைத் தூக்கிக்கொண்டு கழுவுதொட்டிக்குப் போனாள். எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிட்டு, படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வண்டி ஏறுவதுதான் எண்ணம்.

தட்டின் மறுவிளிம்பை ஒரு கை பிடித்தது. அங்கே எல்லோருக்கும் மூத்த ஆய்வாளன், ஒல்லியும் உயரமுமாக இருப்பதால் 'ஒட்டடைக்குச்சி' என்று பேர் வாங்கினவன்.

"ஏய், என்னம்மா பண்ற?"

"கொட்டறேன். அக்காவுக்கு வலி வந்துடுச்சு. இதப் பாத்துக்க ஆளில்ல."

"ஆளில்லையா? அப்ப மொதல்ல ரெண்டு நாள் உன் தட்டுல யாரு எடுத்துப் போட்டதுன்னு நெனச்ச?"

"அது நீங்களா? என்னக் கேக்காம ஏன் தொட்டீங்க?"

"நான் மட்டுமில்ல. காலைல யாரு மொதல்ல வர்றாங்களோ, அவங்க எல்லார் தட்டையும் எடுக்கணும். இங்க அதான் வழக்கம். நீ ஒரு வாரமா மொதல்ல வந்து, உன்னோடத மட்டும் எடுத்துட்டு மகாராணி மாதிரி உக்காந்திருந்த. நாங்க என்ன நெனைக்கறது?"

தட்டை விடாமல் ஒரு கையால் கூந்தலை அவிழ்த்தாள். பிறகு வந்தது பாருங்கள், எல்லா விசிலும் ஒன்றாக.

"வழக்கமா? யார் சொன்னா எனக்கு? செவுத்துல எழுதி வச்சிருக்கா? கனவுல வந்து சொன்னீங்களா?"

"உனக்கே புரியும்னு நெனச்சோம்."

"எப்படிண்ணா புரியும்? டீ குடிக்கக்கூட ஒரு நாள் கூப்புட்டதில்ல!"

"டீக்கு யாரையும் யாரும் கூப்புட மாட்டோம்மா. எந்திரிச்சு வர்றதுதான்." அவன் தலையைச் சொறிந்தான். "நான் வந்தப்ப எனக்கும் யாரும் சொல்லல. நானே பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

"அப்ப நீங்க பட்டத நாங்களும் படணுமா? இது என்ன பரம்பரைச் சொத்தா, கைமாத்திக் குடுக்க?"

குனிந்திருந்த தலைகள் இன்னும் குனிந்தன. அவள் கேட்டதில் என்ன தப்பு? ஊர் புதிது, அறை புதிது, படுத்தால் விட்டமும் புதிது. அப்படி வந்து நிற்கிற ஒருத்தியிடம் வீட்டு வழக்கத்தைச் சொல்லாமல், தெரியவில்லை என்று அவளையே குற்றம் பார்ப்பது எந்த ஊர் நியாயம்? உதவியைக்கூட ஒளித்துச் செய்தால் அது வந்தவளுக்குத் திருட்டாகத்தான் தெரியும்.

ஒட்டடைக்குச்சி தட்டை வாங்கி அலமாரியில் வைத்தான். "திட்டறத வந்து திட்டு. வண்டியப் புடி, போ" என்றான்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அக்கா பிரசவ அறைக்குள் போனாள். பெண் குழந்தை. பிறந்ததும் வீறிட்டுக் கத்தினதைக் கேட்டு, "சித்தி மாதிரியே" என்று மருத்துவமனையே சிரித்ததாம். தாயும் பிள்ளையும் தேறி வீட்டுக்கு வந்தபிறகுதான் அவள் திரும்பினாள். கதவை முழங்கையால் இடித்து நேரே தன் தட்டுகளிடம் போனாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. கூண்டில் பெண் கொசுக்கள் வயிறு சிவந்து, உப்பி, வலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை முட்டையிட ரத்தம் வேண்டும். அதை ஒரு கருவிதான் ஊட்டும். கருவியோ பிரித்துப்போட்டுக் கிடந்தது. அவள் ஒட்டடைக்குச்சியைத் திரும்பிப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அவனுடைய இரண்டு கையும் தடித்துத் தடித்து வீங்கியிருந்தது.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றான் அவன். "உன் வீட்டுப் பொம்பளைங்க பட்டினி கெடந்தாங்க. அதான்."

கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே மடிகிற கொசுக்கள் அவை. நோய் நொடி ஏதும் கிடையாது. ஆனாலும் அப்படிக் கை கொடுக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பு.

"அறிவிருக்காண்ணா உங்களுக்கு? மேடம் பாத்திருந்தா என்ன ஆவறது? செத்தா சாவட்டும்னு விட வேண்டியதுதானே! நான் கேட்டேனா?"

"நீ எங்க கேட்ட?"

"உங்க கூண்டுக்கு?"

"அதுக்குக் குடுக்கக் கையில எடமில்ல."

அவள் திட்டினாள். கருவியைத் திட்டினாள், அதைப் பழுது பார்க்க வராதவனைத் திட்டினாள், பேராசிரியையின் கண்ணாடியைக்கூட விடவில்லை. திட்டிக்கொண்டே சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவனுடைய கூண்டுக்குள் கையை நீட்டினாள்.