பூச்சியத்தை எங்கே வைப்பது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் கந்தோரில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மேல்மாடியில் இருக்கிறது அந்தக் கந்தோர். சேர் கட்டடக் கலைஞர், நான் படவரைஞர். அவர் பென்சிலால் கீறித் தருவதைக் கணினியில் ஏற்றி, அளவுகள் போட்டு, வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்புவது என் பாடு. எனக்குக் கோபம் வருவதெல்லாம் பெரும்பாலும் உயரங்களால்தான்.

நீளம் அகலத்தில் சண்டை வராது. நாடாவை இழுத்துப் பிடித்தால் முடிந்தது. உயரம் அப்படியில்லை. வரைபடத்தில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும், பக்கத்தில் ஒரு எண் இருக்கும். இந்தத் தரை இவ்வளவு உயரத்தில் வரவேண்டும் என்று சொல்லும் குறி அது. எங்கிருந்து இவ்வளவு? கடல் மட்டத்திலிருந்தா, வீதியிலிருந்தா, பக்கத்து மதிலின் அடியிலிருந்தா? மென்பொருள் என்னவோ ஒழுங்காகத்தான் கேட்கும், பூச்சியத்தை எங்கே வைக்கிறாய் என்று. ஒன்றைத் தெரிவு செய்தால் எல்லா எண்களும் அதற்கேற்ப மாறும். ஆனால் தாளில் அச்சாகும்போது முக்கோணமும் எண்ணும் மட்டும்தான் வரும். பூச்சியம் கணினிக்குள்ளேயே தங்கிவிடும்.

அதனால் நானே ஒரு குறி செய்தேன். முக்கோணம் பழையதுதான். எண்ணுக்குக் கீழே ஒரு சிறிய வரி சேர்த்தேன்: 'வீதி மேன்ஹோல் மூடியிலிருந்து.' கணினியில் பூச்சியத்தை மாற்றினால் வரியும் தானாக மாறும்படி கட்டியிருந்தேன். பெருமையாகத்தான் சேரிடம் காட்டினேன். அவருக்குப் படம் எப்போதும் துப்புரவாக இருக்கவேண்டும்.

"இதென்ன, முக்கோணம் எல்லாத்துக்கும் வால் தொங்குது? எடுத்துவிடும்" என்றார். பூச்சியம் எது என்றுதான் முதல் தாளில் குறிப்பு இருக்கிறதே, அது போதாதா என்றும் கேட்டார். முதல் தாளின் குறிப்புகளை இந்த ஊரில் எந்தப் பிறவி வாசித்திருக்கிறது? வாலை எடுத்தேன். அன்று முழுக்க அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அது கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்கான படம். வீட்டுக்கார அன்ரி கந்தோருக்கு முதல்முறை வந்தபோது கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னார். அவருடைய கணவர் துறைமுகத்தில் வேலை செய்தவர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. கடைசியாக வெள்ளம் வந்தபோது தண்ணீர் வீட்டுக்குள் ஏறிக் கட்டிலைத் தொட்டுவிட்டது. அன்ரியால் தனியே அவரைத் தூக்க முடியவில்லை. ஒழுங்கையில் உள்ளவர்கள் ஓடிவந்து, அறைக் கதவைக் கழற்றி, அதில் அவரைக் கிடத்தித் தூக்கிப் போயிருக்கிறார்கள். போகும் வழியெல்லாம் அவர் கத்திக்கொண்டே போனாராம். அதற்குப் பிறகு வானம் இருண்டாலே போதும், கட்டில் சட்டத்தை நல்ல கையால் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடியே கிடப்பாராம்.

"எங்கட படியில இருந்து ரெண்டு அடி உசத்துங்கோ, பிள்ளை. அவற்ர கட்டிலுக்குத் தண்ணி வரக்கூடாது. வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்" என்றார் அன்ரி.

நாங்கள் போய்ப் பார்த்தோம். அந்த ஒழுங்கைக்கு ஒன்றின்மேல் ஒன்றாகத் தார்க் காபட் போட்டிருந்தார்கள். வீடு இருந்த இடத்திலேயே இருக்க, வீதி மேலே ஏறிவிட்டது. வாசலுக்கு வீதியிலிருந்து கீழே இறங்கித்தான் போகவேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற கோடு மண்நிறத்தில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் சேர், படியை விட்டுவிட்டு வீதியையே பூச்சியமாக எடுத்தார். வீதியிலிருந்து இரண்டு அடி. அப்போதுதான் தரை அந்தக் கோட்டுக்கு மேலே வரும். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தைப் பக்கச் சுவரோரமாக மடித்து, நெருக்கி, எப்படியோ அடக்கினோம். நல்ல படம். அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

பழைய வீட்டை உடைத்தார்கள். அத்திவாரம் முடிந்தது. தரைக்குக் கொங்கிரீட் போடும் நாள் காலையில் வேலையை நடத்தும் பாஸ் எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். சுற்றிவரப் பலகை அடித்து, கம்பிவலை விரித்து, கொங்கிரீட் எவ்வளவு உயரம் வரவேண்டும் என்பதற்கு நூல் கட்டியிருந்தார். கொங்கிரீட் லொறி வந்துகொண்டிருக்கிறது என்று கீழே எழுதியிருந்தார். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மாதான் பெரிதாக்கிப் பார்த்தேன். நூலுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுச் சுவர். சுவரில் வெள்ளக் கோடு. நூல் கோட்டுக்குக் கீழே இருந்தது.

பாஸுக்குப் போன் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. சேர் பத்தரமுல்லையில் ஒரு கூட்டத்தில் இருந்தார், அவருடைய போன் அடைத்திருந்தது. கொங்கிரீட் இறுகிவிட்டால் பிறகு யார் உடைக்கப்போகிறார்கள்? சமாளிக்கலாம், பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே சுவர் எழும்பிவிடும். அந்த மனிசன் வாழ்நாள் முழுக்கக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடக்கவேண்டியதுதான். படத்தை அச்சடித்துச் சுருட்டிக்கொண்டு ஓட்டோ பிடித்தேன்.

காலிமுகத்திடல் வரைக்கும் பரவாயில்லை. கோட்டையில் வாகனங்கள் அசையவே இல்லை. அங்கேதான் சந்தேகம் பிடித்தது. படம் எடுத்த கோணத்தால் அப்படித் தெரிகிறதோ? என் கோபத்தில் நான் பிழையைத் தேடிப் போகிறேனோ? திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் நூல் ஒவ்வொரு இடத்தில் இருப்பதுபோல் இருந்தது. ஓட்டோக்காரரிடம் சும்மா எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

நான் போய் இறங்கும்போது லொறி ஒழுங்கைக்குள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. உருளை சுற்றிக்கொண்டிருந்தது. பாஸ் கைகாட்டி லொறிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் போய் முதலில் சுவரைப் பார்த்தேன். கண்ணால் பார்த்தும் அதேதான். நூல் கீழே, கோடு மேலே.

பூச்சியம் எங்கே என்று பாஸிடம் சிங்களத்தில் கேட்டேன். இது என்ன கேள்வி என்பதுபோல என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். வீட்டை முழுக்க உடைத்தவர்கள் வாசற்படிக் கல்லை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அன்ரி கேட்டுக்கொண்டாராம். கலியாணம் முடித்து வந்த நாள் அவர் கால்வைத்த படி அது, புது வாசலும் அதே இடத்தில்தான் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கல்லில் அன்று காலையும் குங்குமம் வைத்திருந்தது. அதன் பக்கவாட்டில், சிவப்புப் பெயின்றால், எங்கள் படத்தில் உள்ள அதே முக்கோணம். பக்கத்தில் பூச்சியம். வீட்டுக்கார நோனா தன் வாயாலேயே இந்தப் படியிலிருந்து இரண்டு அடி என்றார், படத்திலும் இரண்டு அடி என்றுதான் இருக்கிறது, வேறு எங்கேயிருந்து அளப்பது என்று பாஸ் என்னைக் கேட்டார்.

படத்தை விரித்துப் பார்த்தேன். துப்புரவான முக்கோணம், துப்புரவான எண். அவர் சொன்னது சரி, அந்தத் தாளில் வீதி என்று எங்கேயும் இல்லை. சேர் மேல் அந்த நேரம் வந்த ஆத்திரத்தை எழுத்தில் போடமுடியாது.

நிறுத்தச் சொன்னேன். சேர் சொன்னால் நிறுத்துவேன் என்றார் பாஸ். லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். கொங்கிரீட் காத்திருக்காது என்று பாஸ் குழாயைத் திருப்பச் சொன்னார். வேறு வழி தெரியாமல் நான் கம்பிவலைக்கு மேல் ஏறி, குழாய் கொட்டவேண்டிய இடத்தில் நின்றேன். வேலையாட்கள் சிரித்தார்கள். நான் சேருக்குப் போன் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

சத்தம் கேட்டு அன்ரி வந்தார். வீடு முடியும்வரை அவரும் கணவரும் எதிர்வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். நான் ஒன்றும் விளக்கவில்லை. சுவரையும் நூலையும் கையால் காட்டினேன், அவ்வளவுதான். அவர் கோட்டைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், திரும்பக் கோட்டைப் பார்த்தார்.

"அப்ப நான் சொன்ன ரெண்டு அடி பிழையோ, பிள்ளை?"

"பிழையில்ல அன்ரி. உங்கட படி வீதியை விடக் கீழ இருக்குது."

அன்ரி எதிர்வீட்டு மேல்மாடி யன்னலை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பாஸிடம் மெதுவாக, "நவத்தன்ன பாஸ்" என்றார். நிறுத்துங்கள் என்று வீட்டுக்காரியே சொன்ன பிறகு பாஸ் என்ன செய்வார். லொறி உருளையைச் சுற்றிக்கொண்டே திரும்பிப் போனது, எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. அன்ரி போய் அந்தக் கல்லிலேயே இருந்துவிட்டார், குங்குமம் சேலையில் ஒட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

சேர் பின்னேரம் வந்தார். சுவரைப் பார்த்தார், கல்லில் இருந்த சிவப்பு முக்கோணத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் கந்தோரில், வாலை எல்லாப் படங்களிலும் திரும்பப் போடும் என்று மட்டும் சொன்னார். பலகையை உயர்த்தி, மண் நிரப்பி, தரையை மேன்ஹோல் மூடியிலிருந்து இரண்டு அடிக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கல்லைக் கிளப்பிப் புது வாசலில் வைத்தவர் பாஸ்தான்.

வீடு குடிபுகுந்த பிறகு வந்த முதல் பெருமழையில் என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. கணினியில் அந்த வீட்டுப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முக்கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பிட இருக்கும்போது அன்ரியின் அழைப்பு வந்தது. உடனே எடுத்தேன். அவர் குரல் மிகத் தாழ்ந்திருந்தது, என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன்.

"தண்ணி வந்திட்டுது, பிள்ளை. சாய்தளத்தில பாதிக்கு மேல நிக்குது" என்றார்.

கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவர் நித்திரை" என்றார் அன்ரி. "அதுதான் மெதுவாக் கதைக்கிறன்."